லிண்ட்சி பக்கிங்ஹாமின் தனி ஆல்பம் ஏன் இவ்வளவு விசித்திரமாக ஒலிக்கிறது?

பிளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதாகவும், அண்மையில் அக்குழுவின் கிட்டார் கலைஞராக இருந்த லிண்ட்சி பக்கிங்ஹாம் 1981-இல் தனியே வெளியிட்ட ‘லா அண்ட் ஆர்டர்’ கைக்குக் கிடைத்ததாகவும், கேட்டதும் அதே மனிதர்தானா இவர் என்று திகைத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குழு வேண்டாமென்று ஒதுக்கிய பாடல்களை அவர் விளையாட்டாகத் தொகுத்து வெளியிட்டாரா, அல்லது முழு மனத்துடன் செய்த வேலையா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். ஒரு குழுவுக்குள் அளவோடு வாசித்துக்கொண்டிருந்த கிட்டார் கலைஞர், தனியே ஓர் அறையில் உட்கார்ந்ததும் ஏன் இப்படிக் கோணலான பாப் இசைக்குப் போகிறார்? முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு என் தொழில் அனுபவத்திலிருந்து ஓர் ஊகத்தைத்தான் தர முடியும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிட்டார் கற்பித்து வருகிறேன். அதே காலமாகச் சிறியதொரு ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறர் பாடல்களைப் பதிவு செய்தும் தருகிறேன். பக்கிங்ஹாமின் விரல் முறையை மாணவர்களுக்குப் பாடமாகவே வைத்திருக்கிறேன். ஆகவே அவர் இசைமேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆல்பத்தின் விவரங்களிலும் அவருடைய பேட்டிகளிலும் பதிவாகியிருப்பவற்றையும், நான் காதால் கேட்டு உய்த்துணர்பவற்றையும் கூடியவரை பிரித்தே சொல்கிறேன்.

அது குழு ஒதுக்கிய பாடல்களின் தொகுப்பு அன்று. அதில் உள்ள 11 பாடல்களில் மூன்று மற்றவர்களின் பழைய பாடல்கள்: 1938-இல் ஒரு மேடை இசை நாடகத்துக்காக எழுதப்பட்ட ‘செப்டம்பர் சாங்’, 1950-களில் நாட்டுப்புறப் பாணிப் பாடகர்களிடையே புகழ்பெற்ற ‘எ சாட்டிஸ்ஃபைட் மைண்ட்’, 1959-இல் ஸ்கிப் அண்ட் ஃபிளிப் இருவர் பாடிய ‘இட் வாஸ் ஐ’. மிச்சத்தை வெளியிட நினைப்பவர், தன் தந்தை தலைமுறையின் பாடல்களைத் தேடிப்பிடித்து அவற்றைப் பல அடுக்குக் குரல்களில் மறுபடி கட்டி எழுப்ப மாட்டார். குழுவினர் விலகி நின்றார்கள் என்பதற்கும் இடமில்லை. ‘டிரபிள்’ பாடலில் ஒலிப்பது குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக் பிளீட்வுட்டின் டிரம்ஸ். இன்னொரு பாடலில் குழுவின் பாடகி கிறிஸ்டின் மெக்வீ பின்னணி பாடியிருக்கிறார். தயாரிப்பில் துணை நின்ற ரிச்சர்ட் டஷட்டும் ‘ரூமர்ஸ்’ காலத்திலிருந்து குழுவோடு வேலை செய்தவரே. அந்த ‘டிரபிள்’ அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் வெற்றிப் பாடல் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை ஏறியது என்பதையும் சேர்த்துக்கொண்டால், விளையாட்டாகச் செய்தது என்ற எண்ணம் நிற்காது.

அந்த விசித்திரம் 1981-இல் புதிதாக முளைத்ததும் அன்று. அது எங்கிருந்து வந்தது என்று அறிய, அவர் பிளீட்வுட் மேக்கில் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் போக வேண்டும். 1949-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பிறந்த பக்கிங்ஹாம் யாரிடமும் முறையாகக் கிட்டார் கற்றதில்லை; இசைக்குறிப்பு வாசிக்கவும் தெரியாது. அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்த எல்விஸ் பிரெஸ்லி இசைத்தட்டைக் கேட்டும், பின்னர் கிங்ஸ்டன் டிரியோ குழுவின் பாஞ்சோ என்ற தந்திக்கருவி வாசிப்பைக் கேட்டும் தானாகவே விரல்களைப் பழக்கிக்கொண்டவர். பிக் எனப்படும், தந்தியை மீட்டும் சிறு தகட்டைப் பிடிக்காமல் வெறும் விரல்களால் மீட்டுவது அப்படி வந்த பழக்கம். இளமையில் ஃபிரிட்ஸ் என்ற குழுவில் இருந்தபோது, அக்காலத்து முழக்கமான ராக் இசைக்கு இந்த விரல் வாசிப்பு ஒத்துவராததால், அங்கே அவர் கீழ்ச்சுருதிக்கான பேஸ் கிட்டார்தான் வாசித்தார். ஒரு குழுவின் தேவைக்காகத் தன் இயல்பை மடித்து உள்ளே வைத்துக்கொள்வது அவருக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

அக்குழு கலைந்தபின் உடல்நலம் குன்றிச் சில மாதங்கள் ஓய்வில் இருந்தார். அந்தக் காலத்தில் கிட்டாரை முழுமூச்சாகப் பயின்றார். உறவினர் வழியாகக் கிடைத்த பணத்தில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்றை வாங்கினார். சான் பிரான்சிஸ்கோவை அடுத்த டேலி சிட்டியில் அவருடைய தந்தைக்குக் காபிக் கொட்டை வறுக்கும் ஆலை இருந்தது. வேலையாட்கள் போன பிறகு, இரவுகளில் அங்கே அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அவரும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் பாடல்களை உருவாக்கினார்கள். இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. நான்கு தடக் கருவி ஒருவருக்கு என்ன கற்றுத்தருகிறது என்பது அதில் உழன்றவர்களுக்குத் தெரியும். முதல் தடத்தில் கிட்டாரை வாசித்து வைக்கிறீர்கள். அதைக் காதில் கேட்டபடி இரண்டாவதில் தாளம். அவ்விரண்டையும் கேட்டபடி மூன்றாவதில் குரல். உங்களோடு வாசிப்பவர் சற்று முன்பு இருந்த நீங்களேதான். அவர் உங்களுக்காக வேகத்தைத் தளர்த்த மாட்டார். நீங்கள் தவறினால் கண்ணைக் காட்டிச் சரிசெய்ய மாட்டார். ஆனால் நீங்கள் எவ்வளவு கோணலாக எதை அடுக்கினாலும் மறுப்புச் சொல்லவும் மாட்டார். பக்கிங்ஹாமின் இசை மனம் பெரிதும் உருப்பெற்றது அந்தக் கருவியின் முன்னால்தான் என்று நான் நம்புகிறேன்.

1974 இறுதியில் பிளீட்வுட் மேக் அவரை அழைத்தபோது, நிக்ஸையும் சேர்த்துக்கொண்டால் வருகிறேன் என்றார். அங்கே கனத்த பேஸ் வாசிப்புக்கு ஜான் மெக்வீ இருந்தார். நடு இடத்தை நிரப்பக் கிறிஸ்டின் மெக்வீயின் விசைப்பலகை இருந்தது. விரலால் மீட்டும் கிட்டார் கலைஞரின் கட்டைவிரல் எப்போதும் கீழ்த்தந்திகளில் ஒரு பேஸ் வரியை நடத்திக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேலே மெட்டையும் உடைத்த சுரங்களையும் வாசிக்கும். தனியாக வாசிக்கும்போது இது ஒரு சிறு வாத்தியக் குழுவுக்கு ஈடு. உண்மையான பேஸ் கலைஞர் பக்கத்தில் நிற்கும்போது இதில் பாதி மிகையாகிவிடும். ஆகவே அவர் தன் வாசிப்பைக் குறைத்துக்கொண்டார். குழுவின் கனமான ஒலிக்கு ஏற்ப டெலிகாஸ்டர் வகைக் கிட்டாரை விட்டு லெஸ் பால் வகைக் கிட்டாருக்கும் மாறினார். அந்தக் குறைப்பால் விளைந்த நன்மையும் பெரிது. 1977-இல் வந்த ‘ரூமர்ஸ்’ அமெரிக்காவில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதில் ஒரு சுரம்கூட இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. உங்களுக்குப் பழக்கமான பக்கிங்ஹாம் இந்தக் குறைத்துக்கொண்ட பக்கிங்ஹாம்.

1979-இல் வெளியான ‘டஸ்க்’ இரட்டை ஆல்பத்தில் அந்த மடிப்பு அவிழத் தொடங்கியது. ‘ரூமர்ஸ்’ போலவே இன்னொன்று வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லாப் பக்கமும் இருந்த நேரத்தில், பங்க், நியூ வேவ் என்ற புதிய ராக் அலைகளைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர், அதன் 20 பாடல்களில் தன்னுடைய ஒன்பதையும் வேண்டுமென்றே கரடுமுரடாக அமைத்தார். தன் வீட்டில் பதிவு செய்தார்; காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளைத் தட்டித் தாளம் எழுப்பினார்; ஒலிவாங்கியைத் தரையில் ஒட்டவைத்து, தண்டால் எடுப்பவர்போல் குனிந்து அதன்மேல் பாடினார். பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவான அந்த ஆல்பம் நன்றாகவே விற்றது. ஆயினும் ‘ரூமர்ஸ்’ விற்பனையோடு ஒப்பிட்டபோது தோல்வி என்றே பேசப்பட்டது. அதன்பின் இப்படியொரு முறையில் இனி வேலை செய்ய வேண்டாம் என்று குழுவில் முடிவானதாகவும், அந்த முடிவு இல்லாவிட்டால் தனி ஆல்பம் போடும் தேவையே தனக்கு எழுந்திருக்காது என்றும் அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது அவர் தரப்புச் சொல் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் காலவரிசை அதற்கு ஒத்துப்போகிறது: 1981-இல் ‘லா அண்ட் ஆர்டர்’ வருகிறது, 1982-இல் குழு வெளியிட்ட ‘மிராஜ்’ மறுபடியும் பளபளப்பான, பாதுகாப்பான பாப் இசைக்குத் திரும்புகிறது. கோணல் எல்லாம் ஒரு பக்கம், வழவழப்பு எல்லாம் மறுபக்கம் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரிந்து நிற்பதை நாமே கேட்டு அறியலாம்.

குழுவோடு வேலை செய்வது திரைப்படம் எடுப்பது போன்றது, தனியே செய்வது ஓவியம் தீட்டுவது போன்றது என்ற ஒப்பீட்டை அவர் அடிக்கடி கையாள்வார். ஒலிப்பதிவு செய்பவன் என்ற முறையில் இதன் பொருளைச் சற்று விரிக்க விரும்புகிறேன். நான்கு பேர் ஓர் அறையில் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டு இம்மியளவு முன்னும் பின்னும் நகர்கிறார்கள். அதனால் பாடலின் நடை நெளிந்து கொடுக்கிறது, யாருடைய தனி வழக்கமும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. ஒருவரே எல்லாவற்றையும் அடுக்கும்போது முதல் அடுக்கின் நடையே சட்டமாகிவிடும். அதில் உள்ள சிறு அவசரமும் சிறு இழுப்பும் அடுத்தடுத்த அடுக்குகளில் பெருகும். ஒரே கையின் பழக்கம் டிரம்ஸிலும் பேஸிலும் குரலிலும் திரும்பத் திரும்பத் தென்படும். கேட்பவருக்கு இது முதலில் பொம்மை இசைபோல, சாவி கொடுத்து ஓடவிட்டதுபோலத் தோன்றுவது இயல்பு. உங்களைத் திகைக்கவைத்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

‘டிரபிள்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் டிரம்ஸ் வாசித்தவர் நல்ல கலைஞர். ஆனால் நாம் கேட்பது அவர் பாடல் முழுவதும் உட்கார்ந்து வாசித்ததை அன்று. சில விநாடி நீளமுள்ள ஒரு துண்டை வெட்டி, ஒலிநாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, அதையே சுழலவிட்டு, அதன்மேல் மற்ற அடிகளைத் தனித்தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். கணினியில் லூப் போடுவது இன்று ஒரு சொடுக்கில் முடியும். அன்று அதற்குச் சவர பிளேடும் ஒட்டுநாடாவும் வேண்டும், வளையம் இழுவை குறையாமல் சுற்றப் பொறுமையும் வேண்டும். இதனால் தாளம் ஒரு மனிதனின் கைபோலவும் இருக்கிறது, எந்திரம்போல மாறாமலும் இருக்கிறது. அந்த இரண்டுங்கெட்டான் நிலைமேல் அவருடைய மென்மையான, மூச்சு கலந்த குரல் மிதக்கும்போது, காதல் பாடலுக்குள் ஒரு பதற்றம் தானாக வந்துவிடுகிறது. தொடக்கத்தில் வரும் எண்ணிக்கைக் குரலையும் கவனியுங்கள். பொதுவாகப் பதிவிலிருந்து வெட்டி எறியப்படும் அந்த எண்ணிக்கையை விட்டுவைத்து, திரும்பத் திரும்ப வரச்செய்து, அதையே பாடலின் வாசற்படியாக்கியிருக்கிறார்.

அடுத்த கருவி நாடாவின் வேகம். பதிவு செய்யும்போது நாடாவை மெதுவாக ஓடவிட்டு, கேட்கும்போது வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவந்தால் சுருதி ஏறும். கூடவே ஒலியின் குணமும் மாறும். கிட்டார் மாண்டலின்போலச் சிறுத்துப் பளிச்சிடும்; ஆண் குரல் பெண் குரலாகவோ குழந்தைக் குரலாகவோ மாறும். பக்கிங்ஹாம் இதில் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கு 1987-இல் குழு வெளியிட்ட ‘பிக் லவ்’ பாடலே சான்று. அதில் ஆணும் பெண்ணும் மாறிமாறி மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும் இரு குரல்களும் அவருடையவையே; வேகத்தை மாற்றிப் பெண் குரலை உண்டாக்கியிருக்கிறார். பலர் அதை நிக்ஸின் குரல் என்றே நினைத்திருந்தார்கள். ‘லா அண்ட் ஆர்டர்’ முழுவதும் அவர் பாட்டுக்குப் பாட்டு வேறொரு மனிதராகப் பாடுவதற்குப் பின்னால் குரலை மாற்றிப் பார்க்கும் இந்த ஆசைதான் இருக்கிறது என்று என் காதுக்குப் படுகிறது. முதல் பாடலிலேயே குரலை வளைத்து நெளித்துக் கேலிச்சித்திரம் வரைவதுபோலப் பாடுகிறார். கொஞ்சம் தள்ளி, ‘செப்டம்பர் சாங்’ பாடலில், வாழ்நாள் சுருங்கிவரும் முதியவரின் ஏக்கத்தைப் பாடுகிறார். ஆல்பம் வெளியான மாதத்தில் அவருக்கு வயது 32. இளைஞர் ஒருவர் முதுமையை நையாண்டி செய்கிறார் என்று சிலர் இதைக் கொள்ளக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரல் அடுக்குகளில் உள்ள கவனம் நையாண்டிக்காகச் செலவழிக்கும் உழைப்பு அன்று.

இவ்வளவு சொன்னதால் ஆல்பம் குறையற்றது என்று பொருள் கொள்ள வேண்டாம். ஜான் மெக்வீயின் பேஸ் இல்லாத குறை பல இடங்களில் தெரிகிறது. கீழ் ஒலி மெலிந்து, மேல் ஒலிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ஓரிரு பாடல்கள் ஒரு நல்ல யோசனையோடு தொடங்கி, அந்த யோசனையைத் தாண்டிப் போகாமலே முடிந்துவிடுகின்றன. பக்கத்தில் யாராவது இருந்து “இது இன்னும் பாடலாகவில்லை” என்று சொல்லியிருக்கலாம். தனியாக வேலை செய்பவர்கள் கொடுக்க வேண்டியிருக்கும் விலை அது. என் கூடத்துக்குத் தனியே வந்து எல்லாவற்றையும் தாமே வாசிக்கும் இளைஞர்களிடமும் இதே குறையைக் காண்கிறேன்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. குழுவின் கிட்டார் கலைஞர் தனியே போனால் விசித்திரமாகத்தான் வரும் என்று விதி எதுவும் இல்லை. கிஸ் குழுவின் நால்வரும் 1978 செப்டம்பரில் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டபோது, கிட்டார் கலைஞர் ஏஸ் ஃபிரேலியுடையது நேரான, நெஞ்சு நிமிர்ந்த ராக் இசையாகவே இருந்தது. அதிலிருந்து ஒரு வெற்றிப் பாடலும் வந்தது. மறுபக்கம், பிளர் குழுவின் கிரஹாம் காக்ஸன் 1998-இல், குழுவில் இருந்துகொண்டே, எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து ஒரு தனி ஆல்பம் போட்டார். அது பக்கிங்ஹாமுடையதைப்போல மெருகேறியது அன்று. வீட்டில் யாரும் கேட்காத நேரத்தில் பாடியதுபோன்ற கூச்சமும் கரகரப்பும் கொண்டது. ஆகவே விசித்திரத்துக்குக் காரணம் கிட்டார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தக் கலைஞர் குழுவுக்காக எதை அடக்கிவைத்திருந்தார், தனியே வேலை செய்யும்போது எதிர்க்குரல் சொல்ல யாராவது இருந்தார்களா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன என்று கருதுகிறேன். ஃபிரேலிக்கு அடக்கிவைத்த வேறொரு இசை இருந்ததாக அவருடைய ஆல்பத்தில் கேட்கவில்லை. பக்கிங்ஹாமுக்கு ஒரு காபி ஆலையின் இரவுகள் அளவுக்கு இருந்தது.

உங்கள் ஐயத்தை நேர் எதிராகத் திருப்பும் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். குழு ஒதுக்கியவை தனி ஆல்பத்துக்குப் போயினவா என்று கேட்டீர்கள். நடந்தது பெரும்பாலும் மறுதிசையில். 1987-இன் ‘டேங்கோ இன் த நைட்’ அவருடைய மூன்றாவது தனி ஆல்பமாகத் தொடங்கிய வேலை. குழு மீண்டும் கூடியபோது அந்தப் பாடல்களை அவர் குழுவுக்குக் கொடுத்தார், ‘பிக் லவ்’ உட்பட. 2003-இல் வந்த ‘சே யூ வில்’ ஆல்பத்துக்கும் அவர் தனக்காகச் சேர்த்துவைத்திருந்த பாடல்கள் பல போயின. தனியறையில் முளைத்த கோணல்களைக் குழுவின் தாளமும் மற்றவர் குரல்களும் சற்றே நிமிர்த்தியபோது, அவை கோடிக்கணக்கானவர்களிடம் சென்று சேர்ந்தன. அந்த முளைகளைத் தனியே வைத்துக் கேட்கும் வாய்ப்பு ‘லா அண்ட் ஆர்டர்’ ஆல்பத்திலும், 1984-இல் வந்த ‘கோ இன்சேன்’ ஆல்பத்திலும் நமக்குக் கிடைக்கிறது. பின்னதில் நாடாவின் இடத்தைப் பெருமளவு ஃபேர்லைட் என்ற கணினி வாத்தியம் எடுத்துக்கொண்டது. ஒலித்துண்டுகளைச் சேமித்து விசைப்பலகையில் வாசிக்கும் அக்கருவி அவர் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அதன் கடைசிப் பாடல், 1983 டிசம்பரில் கடலில் மூழ்கி இறந்த பீச் பாய்ஸ் குழுவின் டென்னிஸ் வில்சனுக்கான அஞ்சலி.

இதை மாற்றுப் பாப் (ஆல்டர்னேட்டிவ் பாப்) என்று அழைக்கலாமா என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். 1981-இல் அந்தப் பெயர் பரவலான வழக்கில் இல்லை. பில்போர்டு இதழ் இவ்வகை இசைக்கென்று தனிப் பட்டியல் தொடங்கியதே 1988-இல்தான். பின்னோக்கிப் பொருத்தும் பெயர் என்ற அளவில் எனக்கு மறுப்பில்லை.

மறுபடி கேட்பதாக இருந்தால், ஆல்பத்தை வரிசையாக வைக்காதீர்கள். முதலில் பிளீட்வுட் மேக் 1997-இல் மேடையில் பதிவு செய்த ‘த டான்ஸ்’ நிகழ்ச்சியிலிருந்து ‘பிக் லவ்’ பாடலைக் கேளுங்கள். அங்கே அவர் ஒரே கிட்டாரோடு தனியே நிற்கிறார், கட்டைவிரல் பேஸாகவும் மற்ற விரல்கள் மெட்டாகவும் ஓடுவது தெளிவாகக் கேட்கும். அந்தக் கட்டைவிரலைக் காதில் பிடித்துக்கொண்டு ‘டஸ்க்’ ஆல்பத்தில் அவருடைய ஒன்பது பாடல்களை மட்டும் கேளுங்கள். அதன்பின், காதில் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ‘டிரபிள்’ தொடங்கும் அந்த எண்ணிக்கைக் குரலுக்கு வாருங்கள்.